மூணு நன்றிக்கு ஒரு தம்பி: ஒரு ஃபே பேரத்தோட முழு நிகழ்வு ஆய்வு

டேபிள்டாப் ஆர்பிஜில (மேசையைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா ஆடுற கதை விளையாட்டு) அமானுஷ்ய ஆளோட பேரம்னு ஒண்ணு வந்தாலே எல்லாரும் மொதல்ல ஆத்மாவைத்தான் எடுத்து நீட்டுவாங்க. என்னைக் கேட்டா இருக்கிறதுலயே சல்லிசான விலை அதுதான். அதை எப்ப கட்டணும்? கேரக்டர் செத்தப்புறம். செத்தா பிளேயர் புது ஷீட் எடுத்து வேற ஆளை உருவாக்கப் போறார், சாகலைன்னா கேம்பெயின் (பல நாள் ஆடுற தொடர் கதை) முடிஞ்சு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவோம், எப்படிப் பார்த்தாலும் வசூலுக்கு ஆள் வர்ற நேரத்துல வீடு பூட்டியிருக்கும்.

எங்க பார்ட்டியிலயே இதுக்கு சாட்சி உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் எடிஷன், 2014 ரூல்ஸ்ல ஆடுறோம், நாலு பேரும் லெவல் 5. ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரி), கிளெரிக் (சாமி அருள்ல மந்திரம் போடுறவன்), வார்லாக் (பேரம் பேசி மந்திர சக்தி வாங்கினவன்), ரோக் (தந்திரக்காரத் திருடன்). ரோக் நான். நம்ம வார்லாக் லெவல் 1லயே ஃபீண்ட் பேட்ரனுக்கு (சக்தி தர்ற பிசாசு எஜமான்) ஆத்மாவை எழுதிக் குடுத்தவன். அதுக்கு பதிலா ஒவ்வொரு சண்டையிலயும் எதிரியைச் சாய்ச்சா கரிஸ்மா 4 பிளஸ் லெவல் 5, மொத்தம் 9 டெம்பரரி ஹிட் பாயிண்ட் (தற்காலிக உயிர்ப் புள்ளி) வாங்கிட்டு ஜாலியா இருந்தான். ஷார்ட் ரெஸ்ட் எடுத்தா ரெண்டு ஸ்பெல் ஸ்லாட்டும் (மந்திரம் போடுற வாய்ப்பு) திரும்பி வந்துடும். வரவு தினமும் வருது, செலவுன்னு ஒரு நாளும் எதுவும் போகல. ரூல் புக்கும் அவனை ஒண்ணும் கேக்கல, ஏன்னா அந்த ஒப்பந்தம் கதையில எவ்வளவு பெருசா வரணும்ங்கிறதை பிளேயரும் டிஎம்மும் (ஆட்டத்தை நடத்துறவர்) பேசி முடிவு பண்ணிக்கோங்கன்னு விட்டுடுச்சு, மீறினா இன்ன தண்டனைன்னு ஒரு வரி கூட கிடையாது.

அதே டேபிள்ல நடந்த இன்னொரு பேரம்தான் இங்க எழுதப்போறது. அதுல விலை வெறும் மூணு நன்றி. ஆத்மா, ரத்தம், பொன்னு எதுவும் கிடையாது. ஆனா கேம்பெயின்லயே எங்களை ரொம்பப் பாடாப்படுத்தினது அந்த மூணுதான்.

என்ன பிரச்சனை

ரேஞ்சரோட தம்பி ஒரு சாபத்துல மாட்டி தூங்கிட்டான், எழுப்ப முடியல. எங்க கிளெரிக்குக்கு லெவல் 5ல சாபம் நீக்குற ரிமூவ் கர்ஸ் கிடைச்சிருச்சு, அது மூணாம் லெவல் ஸ்பெல், போட்டுப் பார்த்தான், வேலை செய்யல. இங்க சிலர் டிஎம் ஏமாத்துறார்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல, ரூல்ஸ்லயே அந்த ஸ்பெல்லுக்கு எல்லை இருக்கு. சபிக்கப்பட்ட பொருள் மேல போட்டா அட்யூன்மெண்ட் (பொருளுக்கும் வச்சிருக்கிறவனுக்கும் உள்ள பிணைப்பு) மட்டும்தான் முறியும், பொருள்ல சாபம் அப்படியே இருக்கும். பிறவியிலேயே லைக்கன்த்ரோப்பா (மிருகமா மாறுற மனுஷன்) இருக்கிறவனுக்கும் அது உதவாது, நினைச்சதைக் கேக்குற விஷ் ஸ்பெல்தான் வேணும். தம்பிக்கு வந்த சாபத்தோட வேர் ஃபேவைல்டுல (ஃபேங்கிற மாய ஜீவன்களோட உலகம்) இருக்கு, அதை அவுக்க அந்தப் பக்கத்து ஆள்தான் வேணும்னு எங்களுக்கு முன்னாடியே ரெண்டு இடத்துல துப்பு கிடைச்சிருந்துச்சு.

அந்த ஆள் ஒரு ஏரிக்குள்ள இருந்தா. டிஎம் ஏதோ நீளமான பேர் வச்சிருந்தார், யாருக்கும் வாயில நுழையல, ரெண்டாவது நிமிஷமே ஏரியம்மான்னு ஆயிடுச்சு. தண்ணிக்கு வெளியில வர மாட்டா. இடுப்பளவு தண்ணியில நின்னுதான் பேசுவா. இது முக்கியம், ஆனா அப்போ அதை நாங்க வெறும் வர்ணனைன்னு நினைச்சு விட்டுட்டோம்.

பேரம் பேசின விதம்

கிளெரிக் நல்லா தயாராகி வந்தான். பேச்சு ஆரம்பிக்கும்போதே ஸோன் ஆஃப் ட்ரூத் போட்டுட்டான். ரெண்டாம் லெவல் ஸ்பெல், 10 நிமிஷம் நிக்கும், உள்ள இருக்கிற ஆள் கரிஸ்மா சேவ்ல (ஸ்பெல்லைத் தடுக்க உருட்டுற டைஸ்) தோத்தா தெரிஞ்சே பொய் சொல்ல முடியாது. அதைவிட நல்ல விஷயம், எதிராளி சேவ்ல தோத்தாளா ஜெயிச்சாளான்னு போட்டவனுக்குத் தெரிஞ்சிடும். ஏரியம்மா தோத்துட்டா. (வேணும்னே தோத்தாளோன்னு எனக்கு இப்பவும் சந்தேகம்.) ஆனா அந்த ஸ்பெல்லுக்கு ஒரு ஓட்டை இருக்கு: பதில் சொல்லாம நழுவலாம், சுத்தி வளைச்சுப் பேசலாம், சொல்றது பொய்யா இல்லாம இருந்தா போதும்.

ரேஞ்சர் முதல்ல பணம் நீட்டினா. ஏரியம்மா அதைப் பார்க்கக்கூட இல்ல. அவ கேட்டது, "இனிமே உன் ஆயுசுக்கும் உனக்கு வர்ற நன்றி எல்லாம் எனக்கு." எங்களுக்கு சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அவ விளக்கினா: யாராவது ரேஞ்சருக்கு நன்றி சொன்னா, சொல்லி முடிச்ச நொடியில அந்த உதவியைச் செஞ்சது ஏரியம்மான்னு அவங்க மனசுல பதிஞ்சிடும். ரேஞ்சர் அங்க இருந்ததே அவங்களுக்கு மங்கலாத்தான் ஞாபகம் இருக்கும். சிரிப்பு அங்க நின்னுச்சு.

"ஒண்ணு தர்றேன்"னா ரேஞ்சர்.

"ஒண்ணுக்கு உன் தம்பி ஒரு கண்ணு முழிப்பான்."

இப்படியே இழுத்து இழுத்து மூணுல வந்து நின்னுச்சு. டிஎம் உடனே ஒரு இண்டெக்ஸ் கார்டு எடுத்து ஏரியம்மா சொன்னதை வார்த்தை மாறாம எழுத ஆரம்பிச்சார். "அடுத்த அமாவாசை விடியும்போது உன் தம்பி முழிப்பான், சாபத்தோட தடம் இருக்காது. ஈடா, இந்த ராத்திரியிலேர்ந்து உனக்குன்னு யார் மனசார வாய்விட்டு நன்றி சொன்னாலும், முதல் மூணும் எனக்கு."

கிளெரிக் விடல. "நீங்களோ உங்க ஆளுங்களோ நன்றி சொல்லச் சொல்லி யாரையும் தூண்டவும் கூடாது, சொல்ல வர்றவங்களைத் தடுக்கவும் கூடாது, இதையும் சேருங்க"ன்னான். அவ சொன்ன பதில், "தூண்ட மாட்டேன்." அவ்வளவுதான். தடுக்கிறதைப் பத்தி வாயே திறக்கல. கிளெரிக் பிளேயர் அங்கேயே கையைத் தூக்கி, "பாதிக்குத்தான் பதில் வந்திருக்கு"ன்னான். ஸோன் ஆஃப் ட்ரூத் போட்டவன் காது குடுத்துக் கேக்க வேண்டியது இந்த மாதிரி மௌனத்தைத்தான், பலபேர் பொய்யை மட்டும் தேடிட்டு உக்காந்திருப்பாங்க.

அதுக்கு அவ, "புது சொல் சேர்க்கணும்னா இருக்கிற சொல் ஒண்ணை எடுக்கணும். ரெண்டாவது பாதியையும் சேர்த்துக்கறேன், 'மனசார'ங்கிறதை எடுத்துடு"ன்னா.

நாங்க நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். 'மனசார' போயிட்டா சும்மா ஒப்புக்குச் சொல்ற நன்றி கூட கணக்குல வந்துடும், கீழ விழுந்த கைக்குட்டையை எடுத்துக் குடுத்தா போதும், மூணையும் ஒரே நாள்ல கழிச்சுடலாம். எங்களுக்கு லாபம்தானே. சரின்னோம்.

கடைசியா அவ, கேக்காமலே ஒண்ணைச் சேர்த்தா: "அவன் கண்ணு முழிச்சதும் முதல்ல பார்க்குறது உன் முகமாத்தான் இருக்கும்." ரேஞ்சர் பிளேயருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கார்டுல அந்த வரியும் ஏறுச்சு, ரேஞ்சர் கையெழுத்துப் போட்டா, கார்டு அதுக்கப்புறம் எல்லா செஷன்லயும் டேபிள் நடுவுலயே இருந்துச்சு.

முதல் நன்றி

அமாவாசைக்கு 12 நாள் இருந்துச்சு. மறுநாள் காலையிலயே ஏரிக்கரையில மதகு பார்க்கிற பெரியவர் ஒருத்தர் சாவிக்கொத்தைத் தவற விட்டார் (கிளெரிக் நைசா தாமடர்ஜின்னு ஒரு குட்டி ஸ்பெல் போட்டு தரையை லேசா அதிர வச்சான், கார்டுல தடை ஏரியம்மாவுக்குத்தான், எங்களுக்கு இல்ல). ரேஞ்சர் ஓடிப்போய் எடுத்துக் குடுத்தா. "நன்றி தாயி"ன்னார். டிஎம் கார்டுல ஒரு டிக் போட்டார். பெரியவர் அப்படியே ஏரியைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். நாங்க ஹைஃபைவ் அடிச்சுக்கிட்டோம்.

நாலாம் நாள் ராத்திரி அவர் மதகைத் திறந்து விட்டுட்டார். யாரும் மிரட்டல, ஏரியம்மா ஒரு தடவை கூப்பிட்டா, சாவியைத் தேடிக் குடுத்த புண்ணியவதி கேக்குறாளேன்னு திறந்தார். கீழ வயல் எல்லாம் தண்ணி. தண்ணி போன இடமெல்லாம் இப்ப அவ போகலாம்.

இந்த இடத்துல டேபிள்ல பெரிய சண்டை. வார்லாக் பிளேயர், "இது கார்டுல இல்லையே, நன்றி சொன்னவன் அவ சொன்னபடி ஆடணும்னு எங்க எழுதியிருக்கு"ன்னான். டிஎம் சொன்ன பதிலை நான் ஒத்துக்கறேன்: பெரியவர் வசியத்துல இல்ல, சார்ம்டு கண்டிஷன் கிடையாது, சேவ் எதுவும் இல்ல. அவர் சுய புத்தியோடதான் திறந்தார். தனக்கு ஒரு தேவதை உதவி செஞ்சதா நம்புற ஒரு சாதாரண மனுஷன், அந்த தேவதை சின்னதா ஒண்ணு கேட்டா செய்வாரா மாட்டாரா? செய்வார். ஃபேவைல்டை வச்சு 2021ல வந்த அட்வென்ச்சர் புத்தகத்துல அந்த உலகத்துக்கு மூணு சட்டம் போட்டிருப்பாங்க, விருந்தோம்பல், உடைமை, கைமாறு. டிஎம் அந்த மூணாவதைத்தான் எடுத்திருக்கார். வாங்கினா திருப்பித் தரணும், உடனே தரணும்னு இல்ல.

இதுல எனக்குப் பிடிச்சது, டிஎம் சொல்லைத் திரிக்கவே இல்ல. விஷ் ஸ்பெல் மாதிரி இடத்துல சில டிஎம்கள் பண்ற சேட்டை இருக்கே, "எனக்கு நிறைய தங்கம் வேணும்"னு பிளேயர் கேட்டா தங்கத்தை தலையில கொட்டிக் கொன்னுடுறது, அதெல்லாம் எனக்கு ஆகாது, அது பேரமே இல்ல, கேட்டவனை முட்டாளாக்குறது. பிளானார் பைண்டிங் ஸ்பெல்லே சொல்லுது, கட்டுப்பட்டிருக்கிற ஜந்து உத்தரவோட எழுத்துக்குக் கட்டுப்படும், பகையா இருந்தா தன் நோக்கத்துக்கு சொல்லைத் திரிக்கப் பார்க்கும்னு. ஆனா அங்க நீ 1,000 கோல்டு நகையைக் கரைச்சு அதைப் பலவந்தமா பிடிச்சு வச்சிருக்க, திரிக்காம என்ன செய்யும். தானா முன்வந்து பேரம் பேசுற ஆளுக்குத் திரிக்க அவசியமே இல்ல, தனக்கு வேணுங்கிறதை நேரடியாவே கேட்டிருப்பா. ஏரியம்மா கேட்டா. நாங்கதான் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்தோமே ஒழிய உனக்கு எதுக்குடி நன்றின்னு ஒரு வார்த்தை கேக்கல. ஸோன் ஆஃப் ட்ரூத் ஓடிக்கிட்டிருந்த அந்த 10 நிமிஷத்துல கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

ரெண்டாவது

இது வேகமா நடந்துச்சு. ஒரு தோணி கவிழ்ந்துச்சு, ரேஞ்சர் குதிச்சு அஞ்சாறு பேரை இழுத்துப் போட்டா, யாரும் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஓடிடலாம்னுதான் பார்த்தா. தோணிக்காரம்மா பின்னாடியே ஓடி வந்து கையைப் பிடிச்சு சொல்லிட்டாங்க. மத்தவங்களும் சொன்னாங்களே, அப்ப மூணும் முடிஞ்சுதானேன்னு நான் வாதாடினேன், ஆனா கார்டுல 'உனக்குன்னு' இருந்துச்சு, மத்தவங்க சத்தம் போட்டது கடவுளுக்கு. டிஎம் சரியாத்தான் சொன்னார்.

அதுக்கப்புறம் தோணிக்காரம்மா ஒவ்வொரு நடையிலயும் ஒரு குடம் ஏரித் தண்ணியை அக்கரையில இருக்கிற கிணத்துல ஊத்த ஆரம்பிச்சாங்க. அதைப் பார்த்த அன்னைக்குத்தான் கிளெரிக் பிளேயர் கார்டை எடுத்து மறுபடி முதல்லேர்ந்து படிச்சான். படிச்சுட்டு, "மச்சி, இந்தக் கடைசி வரிக்கு அவ நம்மகிட்ட என்ன வாங்கினா?"ன்னான்.

ஒண்ணும் வாங்கல. ஒரு சொல் சேர்க்க ஒரு சொல் கேட்டவ, "முதல்ல உன் முகம்"ங்கிற அந்த வரியை சும்மா குடுத்தா. ஃபே சும்மா எதையும் குடுக்காது. தம்பி கண்ணு முழிக்கிறான், எதிர்ல அக்கா முகம், முதல்ல என்ன சொல்லுவான்? அந்த நன்றி ஏரியம்மாவுக்குப் போச்சுன்னா அவனைக் காப்பாத்தினது அவ, அக்கா யாரோ. அவனா நடந்து ஏரிக்குப் போவான். ஆரம்பத்துலேர்ந்தே அவளுக்கு வேண்டியது தம்பிதான், சாபமும் அவ பக்கத்துச் சாபம். முடிஞ்சப்புறம் டிஎம் தன் நோட்ஸைக் காட்டினார், அப்படியேதான் எழுதி வச்சிருந்தார்.

மூணாவதை யார் தலையில கட்டுறது

இப்ப ஒரே ஒரு நன்றி பாக்கி. அமாவாசைக்குள்ள அதைக் கழிச்சுட்டா தம்பி சொல்றது நாலாவது, தப்பிச்சுடுவான். கழிக்கிறது சுலபம், சந்தைக்குப் போனா ஒரு நிமிஷ வேலை. ஆனா மதகுப் பெரியவரையும் தோணிக்காரம்மாவையும் பார்த்தப்புறம், முகம் தெரியாத இன்னொருத்தரை இதுல தள்ளிவிட ரேஞ்சர் மாட்டேன்னுட்டா. யாரும் கட்டாயப்படுத்தல, ரூல் எதுவும் தடுக்கல. விலை சரியா வச்சிருக்காங்களான்னு பார்க்க எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியல: கட்ட முடிஞ்ச விலையைக் கட்ட மனசு வராம பிளேயர் முழிக்கிறாங்களா? 

அதோட ஒப்பிட்டா பிளானார் அல்லைங்கிற ஸ்பெல்லோட (வேற உலகத்து ஆளைக் கூலி பேசி உதவிக்குக் கூப்பிடுறது) ரேட் கார்டு எனக்கு ரொம்ப சப்புன்னு இருக்கும். நிமிஷக் கணக்கு வேலைன்னா நிமிஷத்துக்கு 100 கோல்டு, மணிக் கணக்குன்னா மணிக்கு 1,000, நாள் கணக்குன்னா நாளுக்கு 10,000, கூட்டிப் பெருக்கிக் கட்டிட்டா முடிஞ்சுது, அந்த லெவல்ல பார்ட்டிகிட்ட தங்கம் கொட்டிக் கிடக்கும். கட்டினதும் மறந்து போற விலை.

வழி தேடினோம். கிளெரிக் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சது: 'வாய்விட்டு'ன்னுதானே இருக்கு, தம்பி முழிக்கும்போது சைலன்ஸ் போட்டுடலாம், ரெண்டாம் லெவல், 20 அடி ஆரத்துக்குள்ள சத்தமே வராது. நல்ல ஐடியா, ஆனா அது 10 நிமிஷம். பத்தாவது நிமிஷம் முடிஞ்சதும் அவன் சொல்லிட்டா? நான் சொன்னது, சுவத்துல பெருசா எழுதி ஒட்டிடலாம், வாயைத் திறக்காதேன்னு. டிஎம் சிரிச்சுக்கிட்டே "முயற்சி பண்ணிப் பாருங்க"ன்னார், டிஎம் அப்படிச் சிரிச்சா நான் அந்த வழியில போறதில்ல.

அப்பத்தான் வார்லாக் பேசினான். கார்டுல "யார் சொன்னாலும்"னு இருக்கு. பார்ட்டி ஆளுங்க யாருன்னு கணக்குல வரமாட்டாங்களா? முன்னாடி ஒரு குகைச் சண்டையில அவன் ஜீரோ ஹிட் பாயிண்ட்ல விழுந்து, ரெண்டு டெத் சேவ் (மூணு தோத்தா சாவு) தோத்து, மூணாவது ரோலுக்கு முன்னாடி ரேஞ்சர் தன் பங்கு ஹீலிங் போஷனை அவன் வாயில ஊத்திப் பிழைக்க வச்சா. அதுக்கு அவன் நன்றியே சொன்னதில்லையாம். (உண்மைதான், எழுந்ததும் எல்ட்ரிச் பிளாஸ்ட் ஸ்பெல் அடிக்கப் போயிட்டான்.)

டிஎம் இங்க கேமை நிறுத்தினார். கேரக்டரோட பேசாம பிளேயரோட பேசினார். "இது உன் கேரக்டரோட ஞாபகத்துல கை வைக்கிறது. நான் ஆட்டுற என்பிசிக்கு நான் பாட்டுக்கு செஞ்சேன், உனக்கு அப்படிச் செய்ய மாட்டேன். வேண்டாம்னா வேற வழி யோசிப்போம், ஏரியம்மாவும் காத்திருப்பா." இது செஷன் ஜீரோல (ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி கூடிப் பேசுறது) பேசி வச்சிருந்த விஷயம்தான், ஆனாலும் அந்த நிமிஷத்துல மறுபடி கேட்டாரே, அது வேணும். ஒரு பிளேயர் கேரக்டர் என்ன நினைக்குதுங்கிறது மட்டும்தான் அந்த டேபிள்ல பிளேயருக்கு முழுசா சொந்தம், மத்ததெல்லாம் டைஸ் கையில. அதைப் பேரத்துல எடுக்கணும்னா ஆள் தானாத் தரணும். ஒரு ஃபெயில்டு சேவ்ல பிடுங்கக் கூடாது.

அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரின்னான். கேரக்டர் குரல்ல ரேஞ்சரைப் பார்த்து, "அந்தக் குகையில... நன்றி"ன்னான், அவ்வளவுதான். மூணாவது டிக்.

அப்புறம் அவன் செஞ்சது யாரும் சொல்லிக் குடுக்காதது. கேரக்டர் ஷீட்டை எடுத்து பாண்ட்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல "என் உயிரைக் காப்பாத்தினவளுக்காக எதையும் செய்வேன்"னு குகைச் சண்டைக்கப்புறம் எழுதி வச்சிருந்தான். அந்த வரியை அழிக்கல. பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி போட்டு ஏரியம்மா பேரை எழுதினான், முழுப் பேரை, எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினான். ஒரு நம்பர் மாறல, ஹிட் பாயிண்ட் குறையல, ஸ்லாட் போகல. ரேஞ்சர் பிளேயர் அதைப் பார்த்துட்டு, "டேய் என்னடா இப்படிப் பண்ணிட்ட"ன்னாங்க, பாதி சிரிப்பு பாதி கோவம்.

விலை எப்ப தெரியணும்

மத்த கேம்கள்ல இதே வேலையை வேற மாதிரி செய்வாங்க. பிளேட்ஸ் இன் தி டார்க்ல டெவில்ஸ் பார்கெய்ன்னு ஒரு ரூல், ரோலுக்கு ஒரு டைஸ் கூடுதலா வேணும்னா ஒரு கெட்டதை ஏத்துக்கணும், அந்தக் கெட்டது ரோல் ஜெயிச்சாலும் தோத்தாலும் நடக்கும், அதை ஜிஎம் (அங்க டிஎம்முக்கு இந்தப் பேர்) மட்டும் இல்ல டேபிள்ல யார் வேணும்னாலும் முன்மொழியலாம். அதோட அழகு, உருட்டுறதுக்கு முன்னாடியே விலை முழுசாத் தெரியும். டன்ஜன் வேர்ல்டுல சாகப்போற கேரக்டர் ரெண்டு ஆறுமுக டைஸ் உருட்டணும், 7லேர்ந்து 9 வந்தா மரணமே வந்து ஒரு பேரம் பேசும். கணக்குப் போட்டா 36ல 15, ஏறக்குறைய 42 சதவீதம், அதாவது தப்பிக்கிறதைவிட (10 இல்ல அதுக்கு மேல, 36ல 6 தான்) பேரத்துல மாட்டுறதுக்குத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆனா என்ன விலைன்னு அங்க ரூல் சொல்லாது, ஜிஎம்தான் அந்த இடத்துலயே யோசிக்கணும். அவசரத்துல பலபேர் "உன் ஆத்மா"ன்னுடுவாங்க, மறுபடி வீடு பூட்டின கதை.

எங்க கார்டு ரெண்டுக்கும் நடுவுல இருந்துச்சு. என்ன கட்டணும், எத்தனை, எந்த நிமிஷம் கட்டினதா ஆகும், எல்லாம் பிளேயருக்குத் தெரியும், டிக் போடும்போது கண்ணால பார்க்கலாம். கட்டினதால என்ன ஆகும்ங்கிறது மட்டும்தான் ஆடி ஆடித் தெரிய வந்துச்சு. இது தலைகீழா இருந்திருந்தா, அதாவது விலையையே மறைச்சு வச்சிருந்தா, நாங்க 12 நாளும் டிஎம் மேல சந்தேகப்பட்டே ஓட்டியிருப்போம். 'மனசார' இருந்திருந்தா கூட அந்தப் பிரச்சனை வந்திருக்கும், எது மனசார எது ஒப்புக்குன்னு ஒவ்வொரு தடவையும் டிஎம் தீர்ப்பு சொல்லணும், இன்சைட் செக் (எதிராளி மனசைப் படிக்க உருட்டுறது) போட்டு சண்டை போடணும். ஏரியம்மா அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னது கதைக்கும் சரி, டேபிளுக்கும் சரி, நல்லதாப் போச்சு. 

ஒரு குறை சொல்லணும்னா, 12 நாள் கொஞ்சம் ஜாஸ்தி. நடுவுல ரெண்டாவது நன்றிக்கு முன்னாடி சும்மா காட்டுல சுத்தின செஷன்ல கார்டு டேபிள்ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு. 7 நாள்னு வச்சிருந்தா இன்னும் இறுக்கமா இருந்திருக்கும். 

முடிஞ்சது, முடியாதது

அமாவாசை விடியல்ல தம்பி முழிச்சான், அக்காவைப் பார்த்தான், நன்றி சொன்னான், அது அக்காவுக்கே வந்துச்சு. ஏரியம்மா ஒப்பந்தத்தை மீறல, கோவப்படல, தூரத்துல தண்ணியில நின்னு தலையை மட்டும் அசைச்சா. அவளுக்கு நஷ்டம்னு ஒண்ணும் இல்ல, மதகு, கிணறு, ஒரு வார்லாக்.

வார்லாக் விஷயத்துலதான் இப்ப வேடிக்கை. இத்தனை நாளா வாயே திறக்காத அவனோட ஃபீண்ட் பேட்ரன் முதல் தடவையா நேர்ல வந்துச்சு, "என் சரக்கு மேல இன்னொருத்தி முத்திரை எப்படி வந்துச்சு"ன்னு. ரெண்டு பேருக்கும் கடன்பட்ட ஆள் யாருக்கு முதல்ல கட்டணும்? ரூல் புக்ல பதில் கிடையாது, தேவையும் இல்ல, அடுத்த ஆர்க் (கதைப் பகுதி) முழுக்க அதுதான்னு டிஎம் சொல்லிட்டார். பிளேயர் இப்ப தன்னோட பழைய ஒப்பந்தத்தையும் ஒரு இண்டெக்ஸ் கார்டுல எழுதித் தரச் சொல்லி பேட்ரனோட மல்லுக்கு நிக்கிறான், ஒவ்வொரு வரிக்கும் தேதி வேணுமாம்.

எங்க மூணு பேருக்கும் பாக்கி இருக்கிற வேலை மதகு. பெரியவருக்கு இருக்கிற நன்றிக்கடனுக்குக் காலாவதி எதுவும் கார்டுல இல்ல, அவர் ஆயுசுக்கும் ஏரியம்மா கூப்பிட்டா திறப்பார். மூணும் முடிஞ்சுட்டதால இனி ரேஞ்சருக்கு வர்ற நன்றி ரேஞ்சருக்கே. அப்ப அவ போய் அவருக்கு ஏதாவது பெரிய உதவி செஞ்சு, அவர் அவளுக்கு நன்றி சொல்லி, அப்புறம் மதகைத் திறக்காதீங்கன்னு கேட்டா? சாவிக்கொத்தை எடுத்துக் குடுத்ததைவிடப் பெரிய உதவி எவ்வளவு பெருசா இருக்கணும்னு கிளெரிக்கும் டிஎம்மும் இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. டிஎம் பெர்சுவேஷன் டிசி (பேசி இணங்க வைக்க டைஸ்ல எட்ட வேண்டிய எண்) 20ங்கிறார், கிளெரிக் 15க்கு மேல தரமாட்டேங்கிறான், நான் கிளெரிக் பக்கம்.